பனிப்பெட்டி விவகாரம்

அந்த வீட்டில் வாய் ஓயாத ஆள் மகள்தான். பல் துலக்கும்போதே நுரையோடு பேச ஆரம்பித்துவிடுவாள். சமையலறை மேஜையில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, மேலாளர் நடக்கிற நடை, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தன் தோளில் தூங்கி விழுந்த கதை, அலுவலகத்தில் யாருக்கு யார்மேல் பொறாமை என்று எல்லாவற்றையும் நடித்துக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அதற்குள் தேநீர் ஆறிப்போயிருக்கும். அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்கிறவர். மனிதக் குரல் என்று அவர் காதில் உருப்படியாக விழுவது அந்த ஆறிப்போன தேநீர் நேரத்தில்தான்.

அப்படிப்பட்ட மகள் ஒரு திங்கட்கிழமை காலையில் மேஜைக்கு வந்து, முஷ்டியால் தன் நெஞ்சில் ஒரு குத்துக் குத்திக்கொண்டாள். அப்பாவை முறைத்து, "நுக்நெஹ்!" என்றாள். மடக்மடக்கென்று தேநீரைக் குடித்தாள். போய்விட்டாள்.

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். "என்ன சொல்லிட்டுப் போறா?"

"'உனக்கு என்ன வேணும்'னு அர்த்தமாம். அந்தப் பாஷையில அதுதான் வணக்கமாம். ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருக்கா, நீங்களே படிச்சுக்கோங்க" என்றாள் மனைவி.

கதவில் ஒரு அறிவிப்பும் அதன் கீழே ஒரு சொற்பட்டியலும் இருந்தன. மகள் கிளிங்கன் சொற்பேரவையில் பயிற்சி உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறாள். 'சொல்வீரர்' பட்டம் கிடைக்கும்வரை அவளுக்குச் சொல்நோன்பு. பேரவை ஏற்றுக்கொண்ட கிளிங்கன் சொற்களைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது. எழுதிக் காட்டக் கூடாது. சைகை செய்வது கோழைகளின் வழக்கம் என்பதால் அதுவும் கூடாது. வேலை பார்க்கும் இடத்தில் மட்டும் விலக்கு உண்டு. பேரவைக்கான சந்தா அங்கிருந்துதான் வர வேண்டியிருந்தது.

கிளிங்கன் மெக்கானிக்குக்குப் புதிதல்ல. விண்வெளிக் கப்பல்கள் பறக்கிற ஒரு தொலைக்காட்சித் தொடரில், நெற்றி மேடுபள்ளமாக இருக்கிற முரட்டு வீரர்கள் பேசுகிற மொழி அது. தொடருக்காக ஒருவர் உட்கார்ந்து இலக்கணத்தோடு உருவாக்கியது. அதைக் கற்றுக்கொண்டு பேசி மகிழ்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். மகள் சின்ன வயதில் சோபாவில் அவர் மடியில் காலை நீட்டிக்கொண்டு அந்தத் தொடரைப் பார்ப்பாள், இரண்டு சொற்களை ஒட்டிப் புதுச் சொல் ஒன்றைச் செய்துவிட்டுக் கைகொட்டிச் சிரிப்பாள். சொல்வீரர் ஆனால் புதுச் சொற்களை முன்மொழியும் உரிமை கிடைக்குமாம். அதற்காகத்தான் இந்த நோன்பு. ஆக, மொழிமேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மொழி பாவம், யார் கையில் கிடைத்தாலும் பேசாமல் இருக்கும்.

முதல் வாரம் மெக்கானிக் பொறுத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் கூடத்தில் கண்ணயர்ந்திருந்தபோது, மகள் அவசரமாக வந்து நின்றாள்.

"அப்லோ" என்றாள். பெட்டி என்று அர்த்தம். "ச்சுச்" என்றாள். பனி. பிறகு கண்ணை அகல விரித்து, "ஹெக்!" என்றாள்.

கதவில் ஒட்டியிருந்த பட்டியல் வழியாக 'ஹெக்' என்றால் மரணம் என்பது மெக்கானிக்குக்குத் தெரிந்திருந்தது. அவர் பதறி எழுந்தார். "யாரும்மா? யாரு போயிட்டாங்க?"

"அப்லோ! ச்சுச்! ஹெக்!"

"ஐயோ, ஐஸ் பெட்டியில வெச்சிருக்காங்களா? யாரை?" என்று மனைவி வாயில் அடித்துக்கொண்டாள்.

உறவுக்காரர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டு, எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான், சமையலறையிலிருந்து தண்ணீர் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. செத்துப்போனது வீட்டு ஃபிரிட்ஜ், அவராலேயே உயிர் கொடுக்க முடியாத அளவுக்கு. ஊரிலுள்ள ஃபிரிட்ஜையெல்லாம் குளிர வைக்கிறவர் வீட்டில் பால் திரிந்து, பழம் அழுகி, மீன் நாறியது.

அதெல்லாம்கூட மெக்கானிக்குக்குப் பெரிதாகப் படவில்லை. தரையைத் துடைக்கும்போது மகளின் முகத்தைப் பார்த்தார். தாத்தா காலத்துச் சித்தப்பாவுக்கெல்லாம் போன் போட்டு 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்ட கூத்தை அவள் நடித்துக் காட்டத் துடித்துக்கொண்டிருந்தாள். உதடு பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டது. வந்த சிரிப்பையும் சேர்த்து விழுங்கிவிட்டு அவள் அறைக்குள் போனதை அவரால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே முடிவு செய்தார். ஃபிரிட்ஜுக்கு ஒரு சொல் இல்லாததுதானே பிரச்சினை? ஒரு சொல்லை வாங்கிக் கொடுத்துவிட்டால், தினமும் ஒன்று இரண்டாகச் சேர்த்துக் காலைத் தேநீரை மீட்டுவிடலாம்.

பேரவை ஒரு சலவைக் கடையின் மாடியில் இருந்தது. கீழே இஸ்திரி போடும் ஆவியெல்லாம் மேலே வந்தது. மின்விசிறி இருந்தும் அதைப் போடவில்லை; காற்று வாங்குவது வீரனுக்கு அழகல்லவாம். வாசலில், மெத்தைப் பஞ்சை வெட்டி வெள்ளிச் சாயம் பூசிய கவசத்தில் வியர்த்து நின்ற ஒருவர் "நுக்நெஹ்!" என்று கத்தினார். அவர்தான் செயலர்.

உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் மெக்கானிக் பதில் சொல்லிப் பழகியவர். "ஒரு வார்த்தை வேணுங்க" என்றார்.

அந்த வணக்கத்துக்கு அதுவரை யாரும் நேராகப் பதில் சொன்னதில்லை போலும். செயலர் அவரை நேரே தலைவரிடம் அழைத்துப் போனார்.

தலைவர் பெரிய ரப்பர் நெற்றி ஒன்றை மாட்டியிருந்தார். வியர்வையில் அது வழுக்கி வழுக்கி மூக்குக்கு வரும். பேச்சின் நடுவே கட்டைவிரலால் மேலே தள்ளுவார். மெக்கானிக் மனசுக்குள் அவருக்குப் பெருநெற்றியார் என்று பெயர் வைத்துவிட்டார்.

"உட்காருங்க. என்ன விஷயம்?" என்றார் பெருநெற்றியார், நல்ல சரளமான பேச்சில்.

"நீங்க நம்ம பாஷையிலேயே பேசறீங்களே!"

"பொறுப்புல இருக்கறவங்களுக்கு நோன்பு கிடையாது. எங்களுக்குப் பேச வேண்டியது நிறைய இருக்கு பாருங்க."

மெக்கானிக் விஷயத்தைச் சொன்னார். "பனிக்கு ஒரு வார்த்தை உங்க பட்டியல்லயே இருக்கு. பெட்டிக்கும் இருக்கு. ரெண்டையும் சேர்த்துட்டா ஃபிரிட்ஜ் வந்துடும்ல?"

அறையில் இருந்தவர்கள், ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டது போலத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"சேர்த்துட்டா!" என்றார் பெருநெற்றியார். "வார்த்தை என்ன, உங்க செம்புக் குழாயா, சூடு காட்டி ஒட்டறதுக்கு? ரத்தமும் மதுவும் சேர்ந்து ரத்தமதுன்னு ஒரு சொல் உண்டு. குழந்தையும் பெண்ணும் சேர்ந்து மகள்னு ஒரு சொல் உண்டு. அதெல்லாம் படைச்சவர் படைச்சது. காவல் காக்கறது நாங்க. பேரவை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு புதுச் சொல்லைக்கூட நாங்க உள்ள விட்டதில்லை. வேற எந்த அமைப்பாவது நெஞ்சைத் தொட்டு இப்படிச் சொல்லிக்க முடியுமா?"

"அப்புறம் எதுக்குங்க விண்ணப்பம் வாங்கறீங்க?"

"விண்ணப்பமே வாங்காம எப்படிங்க நிராகரிக்கறது?" என்று செயலர் பொறுமையாக விளக்கினார். "நிர்வாகம்னா முறைன்னு ஒண்ணு இருக்கில்லையா?"

மெக்கானிக்கின் மனம் இன்னொன்றில் மாட்டிக்கொண்டிருந்தது. "மகளுக்கு வார்த்தை இருக்குன்னீங்களே, அது என்னங்க?"

"புக்பெ."

புக்பெ, புக்பெ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே அவர் படி இறங்கினார்.

விண்ணப்பம் மாண்புக் குழுவுக்குப் போனது. குழு என்றால் பெருநெற்றியாரும் செயலரும்தான், வேறு நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வியே மெக்கானிக்கைத் திணறடித்தது. ஒரு வீரன் மிச்சம் வைப்பானா?

"பசிச்சா வேட்டையாடறான், சாப்பிடறான், முடிஞ்சுது" என்றார் பெருநெற்றியார். "நாளைக்கு ஆகட்டும்னு எடுத்து வைக்கறவன், நாளைக்கும் உயிரோட இருப்போம்னு நம்பறவன். அப்படி நம்பறவன் வீரனா?"

"குடிக்கக் குளிர்ந்த தண்ணியாவது வேணாங்களா?"

"எதிரியோட கண்ணீரைக் குடிப்பான்" என்று செயலர் சொல்லிவிட்டு, கழுத்தில் வழிந்த வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

கடைசியில், பொருளை நேரில் பார்க்காமல் தள்ளிவிட்டோம் என்ற பழி வரக் கூடாது என்பதால், களச் சோதனைக்கு ஒரு ஃபிரிட்ஜைக் கொண்டுவரச் சொன்னார்கள். மெக்கானிக், வீட்டுக்கென்று தன் பட்டறையில் எடுத்து வைத்திருந்த ஒன்றைச் சரிசெய்து, சலவைக் கடைக்காரர் ஒரு பக்கம் பிடிக்க, மூச்சு வாங்க மாடிக்கு ஏற்றினார். மூலையில் வைத்து மின்சாரம் கொடுத்தார். அது மெல்ல உறும ஆரம்பித்தது. உறுப்பினர்கள் சுற்றி நின்று முறைத்தார்கள். யாரும் தொடவில்லை.

அடுத்த முறை அவர் போனபோது உள்ளே இடமே இல்லை. தலைவரின் சாப்பாட்டு டப்பா, செயலரின் எலுமிச்சைச் சாறு, பயிற்சி உறுப்பினர்களின் தண்ணீர்ப் புட்டிகள், யாருடையதோ கண் மருந்து. நடுத்தட்டில், நன்றாகக் குளிர்ந்து, தலைவரின் இரண்டாவது ரப்பர் நெற்றி. குளிர்ந்த நெற்றி வழுக்குவதில்லை என்பதை அவர் கண்டுபிடித்திருந்தார்.

மெக்கானிக்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்போ வார்த்தை கிடைச்ச மாதிரிதானே?"

"எந்த வார்த்தை?" என்றார் செயலர். "அந்த விவகாரம் இன்னும் ஆய்வுலதான் இருக்கு."

அதற்கு அங்கே அதுதான் பெயர். "விவகாரத்துல தண்ணி இருக்கா பாரு" என்பார்கள். "யாரு இப்படி விவகாரத்தைத் திறந்தே போட்டது, மூடு, மூடு" என்று பெருநெற்றியார் சத்தம் போடுவார். எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் அதைச் சரியாக மூடாமல் போய்விடுவார். பெயரில்லாத பொருளை ஒழுங்காக மூட வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

பிறகு இன்னொரு முட்டுக்கட்டை முளைத்தது. வெளியாள் முன்மொழிந்த சொல் ஆண்டுக்கூட்ட மேடைக்கு வர முடியாதாம். மெக்கானிக் உறுப்பினராகி, சொல்நோன்பு ஏற்றுக்கொள்ள வேண்டுமாம்.

அவர் யோசிக்கவே இல்லை, ஏற்றுக்கொண்டார். மகளுக்கு வாய்ப்பூட்டைத் திறக்கப் போனவர் தன் வாயிலும் ஒன்றை மாட்டிக்கொண்டு வீடு திரும்பினார்.

மனைவி கொதித்துப் போய்விட்டாள். "ஏங்க, உங்களுக்கு என்ன புத்தி பிசகிப் போச்சா? இவதான் சின்னப் பொண்ணு, ஆசைப்பட்டுப் பண்றா. நீங்களுமா? வீட்டுல ரெண்டு பேரும் நெஞ்சுல குத்திக்கிட்டு உட்கார்ந்தா நான் யாரோட பேசறது? சுவத்தோடவா?"

"ஹிஜா" என்றார் மெக்கானிக் பரிதாபமாக. ஆமாம் என்று அர்த்தம். அவர் சொல்ல வந்தது வேறு. ஆனால் அவர் அதுவரை மனப்பாடம் செய்திருந்த சொற்களில் அதுதான் கொஞ்சம் பணிவாக இருந்தது.

"ஆமாவா! சுவத்தோட பேசணுமா நான்!" என்று அவள் கரண்டியை எறிந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் மட்டும்தான் பேசினாள். நாள் முழுக்க வானொலி மாதிரி தனியாகப் பேசிக்கொண்டே இருந்தாள்.

காலையில் அப்பாவும் மகளும் மேஜையில் எதிரெதிரே உட்காருவார்கள். "வவ்" என்பாள் அவள். அப்பா என்று அர்த்தம். "புக்பெ" என்பார் அவர். முதல் நாள் அதிலேயே இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. இரண்டாம் நாளும் அதையே சொன்னார்கள். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. பேரவை ஏற்ற பட்டியலை மெக்கானிக் தலைகீழாகப் படித்துவிட்டார். கொல்வதற்கும் கொல்லப்படுவதற்கும் வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. பேருந்தில் ஒருவர் தோளில் தூங்கி விழுந்ததைச் சொல்ல வழியில்லை. தேநீர் ஆறுவதற்குள்ளேயே குடித்து முடித்துவிடுகிறார்கள், அதுதான் அவருக்கு வேதனையாக இருந்தது.

ஆண்டுக்கூட்டம் வந்தது. மாடியறையில் மடக்கு நாற்காலிகளைப் போட்டு, பலகைகளை அடுக்கி மேடை கட்டியிருந்தார்கள். குடும்பத்தினருக்கும் அழைப்பு இருந்தது. மனைவி முன்வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எதையும் விட்டுவிடக் கூடாது என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மேடைக்குப் பின்னால் விவகாரம் உறுமிக்கொண்டிருந்தது. அதன் கதவு வழக்கம்போல் சரியாக மூடியிருக்கவில்லை.

பெருநெற்றியார் குளிர்ந்த நெற்றியோடு எழுந்தார்.

"வீரர்களே! இந்த ஆண்டு பேரவை மகத்தான வளர்ச்சி கண்டிருக்கிறது. உறுப்பினர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருக்கிறது. அந்த அளவுக்குத் தூய்மை கூடியிருக்கிறது. ஒரு சிலர், பனியைக் கொண்டுபோய்ப் பெட்டியில் ஒட்டப் பார்த்தார்கள். கேட்கிறேன், அப்படியொரு பொருள் எங்கே இருக்கிறது? இந்தப் பேரவையில் இருக்கிறதா? இல்லை. இதற்கு முன் இருந்ததா? இல்லை. இனியும் இருக்காது. இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றி ஆவணத்தில் ஏற்றிவிட்டோம். ஆனாலும் மரபு என்று ஒன்று இருப்பதால், சொற்போர் நடத்தியே தீர வேண்டும்."

மனைவி பலமாகக் கைதட்டினாள். அந்தப் பேச்சுக்குக் கைதட்டியவள் அவள் ஒருத்திதான்.

சொற்போர் என்பது இதுதான். இரண்டு சொற்கள் சும்மா போய்ச் சேர்ந்துவிட முடியாது, மோதித்தான் சேர வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருவர் நின்று, பஞ்சு வாளால் அடித்துக்கொள்வார்கள். மணி அடிக்கும்வரை இருவரும் விழாமல், வேற்றுச் சொல் பேசாமல் நின்றால் கூட்டுச்சொல் வென்றது. பனிக்காக நிற்க வேண்டியவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர். முந்தின நாள் விவகாரத்தின் கீழ்த்தட்டிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுக்கக் குனிந்தவர் இன்னும் நிமிரவில்லை.

"எனவே பனிக்காக, விண்ணப்பித்தவரே நிற்பார்" என்று செயலர் அறிவித்தார். "பெட்டிக்காக, இன்று பட்டம் பெறவிருக்கும் பயிற்சி உறுப்பினர். தயங்காமல் அடித்தால்தான் பட்டம்."

மேடையின் மறுபக்கத்திலிருந்து மகள் ஏறி வந்தாள்.

பஞ்சு வாளோடு அப்பாவும் மகளும் எதிரெதிரே நின்றார்கள். மெக்கானிக்குக்கு வாளை எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை, துடைப்பத்தைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். அடிச்சுடும்மா, ஒண்ணும் ஆகாது, உன் ஆசைதானே என்று சொல்ல நினைத்தார். பட்டியலில் அதற்கு வழியில்லை. தலையை மட்டும் ஆட்டினார். சைகை குற்றம் என்று செயலர் குறித்துக்கொண்டார்.

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் தோளில் லேசாகத் தட்டினாள்.

"பலமா!" என்று பெருநெற்றியார் கத்தினார். "இது என்ன, தூசி தட்டறியா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒன்று வைத்தாள். பஞ்சு வாளால் அடித்தால் ஒன்றும் ஆகாதுதான். ஆனால் மெக்கானிக் ஓரடி பின்னால் வைத்தார். மூடாத ஃபிரிட்ஜிலிருந்து கசிந்த தண்ணீர் பலகையில் தேங்கியிருந்தது. கால் சறுக்கி, மடக்கு நாற்காலியின் விளிம்பில் தலை இடித்து, மனிதர் தொப்பென்று விழுந்தார்.

"அப்பா!"

வாள் ஒரு பக்கம் பறந்தது. அவள் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அப்பா, எங்க அடிபட்டுச்சு? காட்டுங்க. ஐயோ, வீங்குது. யாராவது அந்த ஃபேனைப் போடுங்களேன்! ஃபிரிட்ஜ்ல ஐஸ் இருக்கும், எடுத்துட்டு வாங்க! என்ன பார்த்துட்டே நிக்கறீங்க?"

யாரும் அசையவில்லை. எல்லோரும் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள். இல்லாத பொருளிலிருந்து ஐஸை எப்படி எடுப்பது? மனைவிதான் கைப்பையைக் கீழே போட்டுவிட்டு மேடையேறிப் போய், ஐஸை அள்ளிக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"ஒழுங்கு! ஒழுங்கு!" என்று பெருநெற்றியார் மேஜையைத் தட்டினார். "பெட்டி வாயைத் திறந்துவிட்டது. நோன்பு முறிந்தது. பட்டம் கிடையாது. கூட்டுச்சொல்லும் கிடையாது. ஆனால் வீரர்களே, பனியைப் பாருங்கள்! மண்டை வீங்கிக் கீழே கிடக்கும்போதும் ஒரு வேற்றுச் சொல் பேசவில்லை. இவரல்லவா வீரர்! இந்த ஆண்டின் சொல்வீரர் பட்டம் இவருக்கே. எழுந்து வந்து 'கப்லா' என்று வெற்றி முழக்கம் செய்யுங்கள்."

செயலர் தகரப் பதக்கத்தை நீட்டினார். அதை வாங்கினால் சொற்களை முன்மொழியும் உரிமை கிடைக்கும். ஃபிரிட்ஜ் ஆயிற்று, பேருந்து, மேலாளர், தோள் என்று ஒவ்வொன்றாக, இந்த இரண்டு பேரிடமும் இனி ஆயுசு முழுக்க விண்ணப்பிக்கலாம்.

மகள் பதக்கத்தைப் பார்க்கவில்லை. "ஏதாவது பேசுங்கப்பா, பயமா இருக்கு" என்றாள். அவள் கண்ணீர் அவர் நெற்றியில் விழுந்தது.

மெக்கானிக் வாயைத் திறந்தார். 

"இன்னொரு தடவை கூப்பிடும்மா" என்றார்.

"அப்பா" என்றாள் அவள். அழுதுகொண்டே சிரித்தாள். அவருக்கும் அழுகை வந்தது. அறையில் முக்கால்வாசிப் பேர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்கள். செயலர் நோன்புமுறிவு என்று இரண்டு முறை எழுதிக்கொண்டார்.

மனைவி கணவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினாள். "கிளம்புங்க. அதையும் தள்ளிட்டு வாங்க, நம்ம வீட்டுல ஃபிரிட்ஜ் இல்லாம தினம் பால் கெட்டுப் போகுது" என்றாள்.

செயலர் பாய்ந்து வந்து குறுக்கே நின்றார். "அதை எடுக்கக் கூடாது! அது பேரவைச் சொத்து."

"எது?" என்றாள் மனைவி.

"அந்த... அந்த விவகாரம்" என்றார் செயலர்.

"எந்த விவகாரம்? இங்க அப்படி ஒண்ணு இல்லை, இருந்ததும் இல்லை, இருக்கப் போறதும் இல்லைன்னு உங்க தலைவர் இப்பத்தானே பேசினார்? தீர்மானமே போட்டாச்சாமே. அதுக்குத்தானே நான் கை வலிக்கத் தட்டினேன்? இல்லாததை நாங்க எடுத்துட்டுப் போறோம், உங்களுக்கு என்ன வந்துது?"

செயலர் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஆவணத்தைப் பார்த்தார். அதில் அவர் கையெழுத்து பளிச்சென்று இருந்தது.

"என் சாப்பாடு உள்ள இருக்கு" என்றார் பெருநெற்றியார், மெதுவான குரலில்.

மகள் கதவைத் திறந்து டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். இரண்டாவது நெற்றியையும் எடுத்து அதன்மேல் வைத்தாள். நாற்காலிகளில் இருந்த பயிற்சி உறுப்பினர்கள் தங்கள் தண்ணீர்ப் புட்டிகளை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். படியில் இறங்கும்போது ஒருவர், "பார்த்து, பார்த்து, இடது பக்கம் இடிக்குது" என்றார். அதைச் சொல்லிவிட்டு, தான் பேசிவிட்டதை உணர்ந்து திகைத்தார். பிறகு அவர் கீழே போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே போனார். மேலே சலவைக் கடை ஆவியில் தலைவரின் நெற்றி மெல்ல மூக்குக்கு இறங்கியது. அதைத் தள்ளிவிட அவருக்குக் கை இல்லை, இரண்டு கையிலும் டப்பாவும் நெற்றியும் இருந்தன.

காணாமற்போனதைத் தேட ஒரு குழு அமைத்திருப்பதாகப் பேரவை அறிவித்தது என்று பிறகு கேள்விப்பட்டார்கள். எதைத் தேடுவது என்ற கேள்வியிலேயே அந்தக் குழுவின் முதல் கூட்டம் நின்றுபோயிற்றாம்.

அடுத்த நாள் காலை, மகள் மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்து எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். செயலர் துண்டால் கழுத்தைத் துடைப்பது, பெருநெற்றியார் 'என் சாப்பாடு' என்று முனகுவது, அம்மா கைதட்டுவது. முன்பு விழுங்கிய சித்தப்பா தொலைபேசிக் கதையும் வந்தது. மெக்கானிக் தலைவீக்கத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தேநீர் நன்றாக ஆறிவிட்டது.

"பஸ் போயிடும்டி. இத்தனை நாள் சேர்த்து வெச்சதையெல்லாம் ஒரே நாள்லயா கொட்டணும்?" என்றாள் மனைவி.

மகள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் நின்று திரும்பி, முஷ்டியால் நெஞ்சில் ஒரு குத்துக் குத்திக்கொண்டு, பழைய முறைப்போடு கேட்டாள்.

"நுக்நெஹ்?"

உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் மெக்கானிக் பதில் சொல்லிப் பழகியவர்.

"மீதியைச் சாயங்காலம் வந்து சொல்லு" என்றார்.